ஆறு பொய்த் தோட்டாக்கள்

சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு வாரும். படியில் இறங்கும்போது கைபிடியைப் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது படி ஆடும். போன கிழமை வந்தவர் அதில் சறுக்கி விழுந்துவிட்டு என்மேல் கோபித்துக்கொண்டு போனார். நான் அவரை விழச் சொல்லவில்லை.

இதுதான் நீர் விளம்பரத்தில் பார்த்த பிரெஸ். கையை எடும். பார்க்க வந்தவர் கண்ணால் பாரும். எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறேன். உம்முடைய விரல் பட்ட இடத்தில் நாளைக்குத் துரு நிற்கும். சுட்டு முடிந்த வெற்றுக் கோதை இந்த இடத்தில் வைத்துக் கைபிடியை இழுத்தால் கோது பழைய அளவுக்குத் திரும்பும். பிறகு பின்பக்கத்தில் நெருப்புக் கொடுக்கிற பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் சன்னம், அதுதான் பறக்கிற குண்டு. ஒரு தோட்டா தயார். தெரியும் என்கிறீரா? சரி. வீடியோ பார்த்தவர் எல்லாருக்கும் எல்லாம் தெரியும்.

ஏன் விற்கிறேன் என்று போனில் கேட்டீர். வீட்டில் இடமில்லை என்று சொன்னேன். அது பொய். சுற்றிப் பாரும், இந்த பேஸ்மென்டில் இன்னும் மூன்று பிரெஸ் வைக்கலாம். விற்பதற்குக் காரணம் என் மருமகள். இரும், அந்தக் கதிரையில் இரும். சொன்னால்தான் உமக்கு விளங்கும். மற்றக் கதிரையில் இருக்கவேண்டாம், அது நான் இருப்பது.

அந்தச் செம்மஞ்சள் வேட்டைச் சட்டையை ஏன் பார்க்கிறீர்? மனுசி துவைத்து மாட்டியிருக்கிறாள். நான் இந்த வருடம் காட்டுக்குப் போகவில்லை. நாளை மறுநாள் மான் சீசன் திறக்கிறது. திறக்கட்டும்.

நாங்கள் நாலு பேர். யோகலிங்கமும் நானும் ஊரில் ஒரே பள்ளிக்கூடம். மற்ற இருவரும் இங்கே வந்து சேர்ந்தவர்கள். ஒவ்வொரு நவம்பரும் ஸ்காபரோவிலிருந்து மூன்றரை மணித்தியாலம் வடக்கே போவோம். அங்கே ஒரு மரக்கொட்டில் வாடகைக்கு எடுப்போம். ஒரு கிழமை. நாலு பேருக்கும் தோட்டா செய்து கொடுப்பது நான். கடைத் தோட்டாவை நாங்கள் தொடுவதில்லை. இருபத்தேழு வருடம் லேத் மெஷினில் வேலை செய்த கை இது. தலைமயிரைப் பத்தாக வகிர்ந்தால் அதில் ஒரு பங்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடமாகத் தோட்டா செய்கிறேன். வெடிக்காத தோட்டா என்று ஒன்றுகூட என் கையிலிருந்து போனதில்லை. ஒன்றுகூட. இதை நினைவில் வைத்துக்கொள்ளும், பிறகு தேவைப்படும்.

என்னுடைய துவக்கு உதைக்கும். கன்று போட்ட மாடு உதைப்பதுபோல உதைக்கும். காலையில் இருபது வெடி வைத்தால் பின்னேரம் தோள் கத்தரிக்காய் நிறத்தில் இருக்கும். அது ஒரு பொருட்டே இல்லை. சுடுகிறவனுக்கு உதை தெரியவேண்டும். உதை தெரியாவிட்டால் கையில் இருப்பது துவக்கா தும்புத்தடியா என்று எப்படித் தெரியும்?

என் மகன் கோபிராஜ் காட்டுப்பக்கம் வரமாட்டான். அவன் வெள்ளிக்கிழமையில் முட்டைகூடத் தொடமாட்டான். அவன் கட்டிவந்த பிள்ளைதான் மதுவந்தி. மருந்துக்கடையில் வேலை. ஐந்தடிக்கு மேல் ஒரு விரல் உயரம் இருப்பாள். கலியாணம் முடிந்து நாலாம் மாதம், இதே படியில் இறங்கி வந்து, "மாமா, நானும் மானுக்கு வரட்டே?" என்று கேட்டாள். அனுமதி அட்டை இல்லாமல் வரமுடியாது என்றேன். அத்தோடு விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் துவக்குக்கு ஒன்று, வேட்டைக்கு ஒன்று என்று இரண்டு பரீட்சையும் எழுதி இரண்டு அட்டையும் எடுத்துவந்தாள். எனக்கு வந்ததைவிட ஆறு புள்ளி கூட. யார் கேட்டது? நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள். கேட்டபடியால் சொன்னேன் என்று இப்போது சொல்கிறாள்.

சுடும் திடலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். யோகலிங்கமும் மற்ற இருவரும் வந்திருந்தார்கள். என் துவக்கை, என் முழு மருந்துத் தோட்டாவோடு அவள் கையில் கொடுத்தேன். தோளில் இறுக்கிப் பிடி என்று சொன்னேனா இல்லையா என்று எனக்கு நினைவில்லை. வெடி வைத்தாள். துவக்கு பின்னால் வந்து, அதன்மேல் இருக்கிற குறிபார்க்கும் ஸ்கோப்பின் விளிம்பு அவள் புருவத்துக்கு மேல் இடித்தது. பிறை மாதிரி ஒரு வெட்டு. மூன்று தையல். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. தொடங்கி வைத்தேன், அவ்வளவுதான்.

அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது நல்ல வார்த்தை சொல்லியிருப்பேன்.

அடுத்த கிழமை தையலோடு வந்து நின்றாள். உதை குறைந்த தோட்டா செய்யலாமாமே, செய்து தருவீர்களா என்று கேட்டாள். உதை தாங்காதவர் பூப்பந்து விளையாடலாம் என்றேன். அவள் போகவில்லை. படிக்கட்டில் இருந்துகொண்டு, "உங்களுக்குச் செய்யத் தெரியாட்டிப் பரவாயில்லை மாமா" என்றாள்.

எனக்குத் தெரியாதாம்.

தம்பி, இதைக் கவனமாகக் கேளும். பிரெஸ் வாங்க வந்தவருக்கு இது தெரிந்திருக்கவேண்டும். உதையைக் குறைப்பது என்றால் மருந்தைக் குறைத்துக் கொட்டுவது இல்லை. அப்படிச் செய்தவர்களில் சிலர் விரலோடு திரும்பவில்லை. பெரிய பானையில் ஒரு பிடி அரிசி போட்டால் உலை எப்படி ஒழுங்காகக் கொதிக்கும்? கோது பெரிது, மருந்து கொஞ்சம் என்றால் மருந்து ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கும். நெருப்பு ஒரு தரம் ஒரு மாதிரிப் பிடிக்கும், மறுதரம் வேறு மாதிரிப் பிடிக்கும். சில மருந்துகளைக் குறைக்கவே கூடாது. குறைத்தாலும் அடங்கி எரியும் மருந்து என்று சில இருக்கின்றன. மருந்து செய்பவனே புத்தகத்தில் கீழெல்லை போட்டிருப்பான். அந்த எல்லைக்குத் தராசில் ஒரு மணி எடைகூடக் கீழே போகக்கூடாது. பிறகு சன்னம். பாரம் குறைந்த சன்னமாக இருக்கவேண்டும். அதேநேரம் மெதுவாகப் போனாலும் மானின் உடம்பில் பட்டவுடன் விரியவேண்டும். விரியாத சன்னம் ஊசி மாதிரி அந்தப் பக்கம் போய்விடும். மான் ஓடும். ஓடி எங்கேயோ கிடந்து சாகும். அதற்குப் பெயர் வேட்டை இல்லை.

இன்னொன்று. ஒரு துவக்கு மாதிரி இன்னொரு துவக்கு இல்லை. ஒரே கடையில் ஒரே நாள் வாங்கினாலும் குணம் வேறு. ஒன்றுக்குப் பொருந்திய தோட்டா மற்றதுக்குப் பொருந்தாது. அதனால் அவளுக்கென்று வாங்கிய, என்னுடையதன் அதே குழல் அளவுள்ள பழைய துவக்கில்தான் எல்லாம் சோதித்தேன். ஐந்து ஐந்தாகச் செய்வேன். சுடுவோம். துளைகளை அளப்பேன். அரை மணி எடை மருந்து கூட்டுவேன். இன்னும் ஐந்து. பதினாலு சனிக்கிழமை போயிற்று. கடைசியில் ஒன்று அமைந்தது. நூறு யார்ட் தூரத்தில் ஐந்து துளையும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு நின்றன. உதை, பிள்ளை கையால் தள்ளுவதுபோல. பெட்டியில் சிவப்பு மையால் அவள் பெயரை எழுதிக் கொடுத்தேன். என்னுடையதோடு கலந்துவிடக்கூடாது பாரும். அசிங்கம்.

அதற்கிடையில் அவளுக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. முதல் நாள் பட்ட அடியால் வந்தது. விசையை இழுக்கிற நொடியில் கண்ணை மூடி, தோளைச் சுருக்கி, துவக்கை முன்னால் தள்ளுவாள். வெடி வைக்கும்போது இது வெளியே தெரியாது. சத்தமும் உதையும் அதை மறைத்துவிடும். அதைக் காட்டிக்கொடுக்க ஒரே வழி பொய்த் தோட்டா. பார்வைக்கு உண்மைத் தோட்டா மாதிரி இருக்கும். உள்ளே மருந்து இருக்காது. பிரைமர் செத்தது. சுடுகிறவர் அந்தப் பக்கம் திரும்பி நிற்க, மற்றவர் உண்மைக்கு நடுவில் பொய்யையும் கலந்து துவக்கில் போட்டுக் கொடுப்பார். எது எப்போது வரும் என்று தெரியாது. பொய் வரும்போது டிக் என்று ஒரு சத்தம்தான். உதை இல்லை. ஆனால் பயந்தவருடைய துவக்கு தானாகக் குனியும். பார்க்கிறவர் எல்லாருக்கும் தெரியும்.

நானே ஆறு பொய்த் தோட்டா செய்தேன். லேத்தில் வைத்து அளவு பார்த்துச் செய்தது. உண்மையோடு ஒன்றாக வைத்தால் எனக்கே தெரியாது. திடலில் யோகலிங்கமும் மற்றவர்களும் நிற்க, அவளுக்குப் போட்டுக் கொடுத்தேன். டிக். துவக்கு கோழி குப்பையைக் கொத்துவதுபோல நிலத்தைக் கொத்தியது. நான், "யோகன், புழு கிடைச்சுதோ எண்டு கேள்" என்று சொன்னேன். நல்ல பகிடி. எல்லாரும் சிரித்தார்கள். படிப்பிக்கிறவன் கொஞ்சம் சிரிக்க வைக்கத்தான் வேண்டும். அப்போதுதான் மனதில் நிற்கும். அவள் அன்றைக்கு முகம் சிவந்து நின்றாள். ஆனால் அடுத்த சனி வந்தாள். அதற்கு அடுத்த சனியும் வந்தாள். ஆவணி பிறக்கும்போது டிக் என்றால் துவக்கு கல்லில் வைத்ததுபோல நின்றது. அது என் பயிற்சி. அவள் அதை எங்கேயாவது சொல்லியிருக்கிறாளா? சொல்லமாட்டாள்.

போன நவம்பர் அவளும் வந்தாள். முதல் நாள் காலை, அறுபது அடி எடுத்து வைக்கிற தூரத்தில் ஒரு கொம்பன் மான். ஒரு வெடி. அது நாலு பாய்ச்சல் பாய்ந்து விழுந்தது. யோகலிங்கம் அவளுடைய கையைப் பிடித்துக் குலுக்கினான். தோட்டா செய்தவனுடைய கையை யாரும் குலுக்கவில்லை.

இரண்டாம் நாள் எனக்கு ஒன்று வந்தது. எண்பது யார்ட் தூரம். பக்கவாட்டில் நின்றது. நான் சுட்டேன். ஒரு சுள்ளி குறுக்கே நின்றது, சன்னம் அதில் பட்டுத் திரும்பிவிட்டது. சுள்ளியை யாரும் பார்க்கவில்லை என்றால் சுள்ளி இல்லை என்று ஆகிவிடுமா? பட்டது வயிற்றில். மான் ஓடிவிட்டது. ஐந்து பேரும் தேடினோம். காலை எட்டு மணியிலிருந்து பின்னேரம் இரண்டு மணி வரை. அது மூன்று இடத்தில் படுத்து எழும்பியிருந்தது. மூன்று இடத்திலும் சருகு அமுங்கி, கை வைத்தால் சூடாக இருந்தது. முதலாவது இடம் ஒரு சரிந்த பைன் மரத்தடி. இரண்டாவது ஓடைக்கரை, தண்ணீர் குடித்திருக்கிறது. மூன்றாவது இடத்தில் அது எங்களைப் பார்த்துக்கொண்டே கிடந்தது. எழும்ப முயன்றது, முன்கால் மட்டும் எழும்பியது. யோகலிங்கம்தான் முடித்துவைத்தான். நான் அதைப்பற்றி நினைப்பதே இல்லை. சுள்ளி குறுக்கே நின்றால் யார் என்ன செய்யலாம்?

திரும்பி வரும்போது சாப்பிட இறங்கிய இடத்தில் யோகலிங்கம் மட்டும் சொன்னான், இன்னொரு முறை இப்படி நடக்கக்கூடாது என்று. சுள்ளியிடம் சொல் என்றேன்.

இனித்தான் விஷயம். இந்தச் சித்திரையில், பனி கரைந்து திடல் திறந்தவுடன், மதுவந்தியும் நானும் போனோம். நாங்கள் இரண்டு பேர் மட்டும். வேறு ஒருவரும் இல்லை. காற்றுகூட இல்லை. நான் என் துவக்கை வைத்து என் முழு மருந்தைச் சுட்டுக்கொண்டிருந்தேன். அவள், "மாமா, இண்டைக்கு நான் போட்டுத் தாறன்" என்றாள். பிள்ளை உதவி செய்கிறது என்று நினைத்தேன். நான் அந்தப் பக்கம் திரும்பி நின்றேன். கோப்பியில் ஒரு மிடறு குடித்தேன். அவள் போட்டுத் தந்தாள்.

முதல் வெடி போயிற்று. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவதுக்கு விசையை இழுத்தேன். டிக்.

உமக்குத் தெரியவேண்டும், தோட்டா வெடிக்காவிட்டால் உடனே திறக்கக்கூடாது. சிலவேளை நெருப்பு பிந்திப் பிடிக்கும். துவக்கை இலக்குப் பக்கம் பிடித்தபடி முப்பது வரை எண்ணவேண்டும். அது சட்டம். எண்ணினேன். எண்ணும்போது எனக்கு ஒரே ஒரு நினைப்புத்தான். என் தோட்டா வெடிக்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. மருந்து நனைந்ததா, பிரைமர் பழுதா, எந்தப் பெட்டி, எந்தத் திகதி. பன்னிரண்டு, பதின்மூன்று. இருபது வரும்போதுதான் துவக்கின் வாய் எங்கே நிற்கிறது என்று பார்த்தேன். இலக்கில் நிற்கவில்லை. பத்தடி முன்னால் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றது.

முப்பது வரை எண்ணி முடித்தேன். திறந்தேன். மேசையில் விழுந்ததைக் கையில் எடுத்தால் மருந்தின் பாரம் இல்லை, நான் செய்த பொய்த் தோட்டா. என் சொந்தக் கையால் லேத்தில் வைத்துச் செய்தது.

அவள் சிரிக்கவில்லை. புழு கதையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் ஏசியிருப்பேன், விஷயம் முடிந்திருக்கும். அவள் அந்தத் தோட்டாவை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்: "ஒண்டும் இல்லை மாமா. எனக்கும் இப்பிடித்தானே இருந்தது. கொஞ்ச நாளைக்கு என்ரை தோட்டாவைப் பாவியுங்கோ. அது சுள்ளி இல்லை."

அது சுள்ளி இல்லை. என் மகனைக் கட்டி இரண்டு வருடம் முடியவில்லை. என் தோட்டாவால் மான் சுட்டவள். என் பொய்த் தோட்டாவை என் துவக்கிலேயே போட்டுத் தந்துவிட்டு எனக்குச் சொல்கிறாள். நான் அவளுக்குச் செய்தது படிப்பிப்பதற்கு. அவள் எனக்குச் செய்தது அவமானப்படுத்த. இரண்டும் ஒன்றா? நீரே சொல்லும். வேண்டாம், சொல்லவேண்டாம்.

வீட்டுக்கு வந்தவுடன் மனுசியிடம் சொன்னேன், உன் மருமகள் செய்த வேலையைப் பார் என்று. பிள்ளை நல்லதுக்குத்தானே செய்தவள் என்றாள். நியாயம் கிடைக்காது என்று தெரிந்து நோர்வேயில் இருக்கிற தம்பிக்கு எடுத்தேன். அவன் ஐந்து நிமிடம் சிரித்தான். பிறகு மதுவந்தியின் தகப்பனுக்கு எடுத்தேன், பிள்ளை வளர்த்த விதத்தை அவரும் அறியவேண்டும் அல்லவா. அவர் மன்னிப்புக் கேட்டார், ஆனால் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. வெள்ளிக்கிழமை கோயிலில் சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒருவருக்குச் சொன்னேன். பெயர் தெரியாது. நல்ல மனிதர், முழுவதும் கேட்டார். கடைசியாக யோகலிங்கத்துக்குச் சொன்னேன். அவன் ஒருவன்தான் எனக்கு நியாயம் சொல்லக்கூடியவன்.

ஒரு மாதம் போகவில்லை. ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறது. கோயில் தலைவர் என்னைப் பார்த்து, "தோள் இப்ப எப்பிடி அண்ணை?" என்கிறார். பல் டாக்டரிடம் போனால் அங்கே இருக்கிற பெண் சிரிக்கிறாள். அன்றைக்குத் திடலில் நின்றது இரண்டு பேர். ஒன்று நான். அப்படியானால் சொன்னது யார்? சின்னக் கணக்கு. நான் அவளிடம் நேரே கேட்டேன். "நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை மாமா, இவருக்குக்கூடச் சொல்லேல்லை" என்றாள். இவர் என்றால் என் மகன். கட்டின புருஷனுக்குச் சொல்லாமல் இருப்பாளா ஒருத்தி? பச்சைப் பொய்.

யோகலிங்கம் நியாயம் சொல்வதற்கு இரண்டு கிழமை எடுத்தான். பிறகு போன் பண்ணினான். சொன்னது இவ்வளவுதான்:

"சபா, நான் சுத்தி வளைக்கேல்லை. பிள்ளையின்ரை தோட்டாவோடை வந்தா வா. இல்லாட்டிச் சமைக்கிற கரண்டியோடை வா. அந்த மானை இன்னொருக்கா நான் சுடமாட்டன்."

கரண்டியோடு உன்ரை மனுசி வரட்டும் என்று சொல்லி வைத்தேன். நாற்பத்தாறு வருடப் பழக்கம். அதற்குப் பிறகு நான் எடுக்கவில்லை. அவனும் எடுக்கவில்லை. அவன் வெள்ளிக்கிழமைகளில் எடுத்தான், நான் தூக்கவில்லை. அதை எடுத்ததாகக் கணக்கில் சேர்க்கமுடியாது.

இப்போது விளங்குகிறதா ஏன் விற்கிறேன் என்று? எல்லாவற்றையும் விற்கிறேன். பிரெஸ், தராசு, அச்சுகள், எல்லாம். காடும் வேண்டாம், கொட்டிலும் வேண்டாம். பொங்கலுக்கு முன் இந்த மேசை வெறுமையாக இருக்கவேண்டும்.

அது என்னவா? அது இலக்குத் தாள். சுவரில் தாள் ஒட்டக்கூடாதா? ஆம், திகதி போட்டிருக்கிறது. நான் எல்லாவற்றுக்கும் திகதி போடுவேன், அது லேத் பழக்கம். அது வைகாசி. அது ஆனி. அந்த வரிசை ஆடி முழுவதும். மேலே இருப்பது போன சனி. சரியாகப் பார்த்தீரா? மூன்று துளையும் ஒரு சதத்துக் காசுக்குள் அடங்கும். என் வாழ்நாளில் நான் சுட்ட தாள்களில் அதுதான் திறம். அப்படி ஒரு தோட்டா, தம்பி. அது என் வேலைப்பாடு. சுடுகிறவனுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

அது மதுவந்தியின் தோட்டா, ஆம். அவளுக்காகச் சோதித்துப் பார்க்கிறேன். மருந்து புதுப் பெட்டி திறந்தால் மறுபடி பார்க்கவேண்டும். வெயிலில் ஒரு தரம், குளிரில் ஒரு தரம். பாதுகாப்பு விஷயம், விளையாட்டு இல்லை. கோபம் கோபமாக இருக்கட்டும், பிள்ளையின் கையில் கொடுக்கிற பொருள். எத்தனை சுட்டேன் என்றா? எண்ணவில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு.

என் துவக்கில்தான் சுட்டேன். அவளுடையது அவள் வீட்டில் பூட்டி இருக்கிறது. நீர் என்ன, பெரிய கெட்டிக்காரர் மாதிரிக் கேட்கிறீர்? ஆம், ஒரு துவக்குக்குப் பொருந்தியது மற்றதுக்குப் பொருந்தாது என்று சொன்னேன்தான். சொன்னவன் நான், எனக்குத் தெரியாதா? சில இடத்தில் பொருந்தும்.

இல்லை, அவள் இந்த வருடம் வரவில்லை. ஏழு மாதம். வயிற்றுப் பிள்ளையைச் சுமந்துகொண்டு காட்டுக்கு வருவாளா? இது என்ன கேள்வி?

அந்தப் பையைத் தொடாதேயும். அது சும்மா கட்டி வைத்தது. உடுப்பு, காலுறை, டார்ச்லைட். மனுசி பொழுதுபோகாமல் கட்டியிருப்பாள். மேலே இருக்கிற பெட்டி, ஆம், சிவப்பு மை. பெயர் எழுதியிருக்கிறது, வாசிக்கத் தெரியும்தானே. பிறகு ஏன் என்னிடம் கேட்கிறீர்?

கேளும். உமக்கு விளங்கும் என்று நினைத்துச் சொல்கிறேன், பிரெஸ் வாங்க வந்தவர். மெதுவாகப் போகிற சன்னம் தாழ விழும். அதனால் அந்தத் தோட்டாவைச் சோதிக்கும்போது ஸ்கோப்பை அதற்கேற்றபடி திருப்பவேண்டும். திருப்பினேன். போன சனியும் அப்படியே இருந்தது. பழையபடி முழு மருந்துக்குத் திருப்புவது என்றால் திடலுக்குப் போய்ச் சுட்டுப் பார்க்கவேண்டும். திடலை நேற்றோடு பூட்டிவிட்டார்கள், இனி அடுத்த கிழமைதான் திறப்பார்கள். சீசன் நாளை மறுநாள். இந்த ஸ்கோப்போடு முழு மருந்தைச் சுட்டால் சன்னம் மானுக்கு மேலால் போகும், அல்லது படக்கூடாத இடத்தில் படும். தெரிந்துகொண்டு அதைச் செய்வது பாவம். அப்படியானால் ஒருவன் காட்டுக்குப் போகவேண்டிவந்தால் எந்தத் தோட்டாவைக் கொண்டுபோவான்? வேறு வழி இருக்கிறதா? இல்லை. ஸ்கோப் அப்படி நிற்கிறது. யாருடைய புத்தியும் கேட்டு இல்லை, ஸ்கோப்.

அதைத்தான் விடிய யோகலிங்கத்துக்கும் போனில் சொன்னேன். ஸ்கோப் பிரச்சினை, அதனால் இந்தமுறை மட்டும் என்று. அவன் சரி என்றான். நாளைக்கு ஐந்து மணிக்கு வாசலில் நிற்பானாம்.

பிரெஸ்ஸா? அது இன்றைக்கு இல்லை. பெட்டியில் இருபதுதான் கிடக்கிறது. திரும்பி வந்து இன்னும் கொஞ்சம் செய்யவேண்டும், அவளுக்கு அடுத்த வருடத்துக்கு. அதற்குப் பிறகு பார்ப்போம். பிரம்டனிலிருந்து வந்தீரா? தூரம்தான். நான் வரச்சொல்லவில்லை, விளம்பரம்தான் போட்டேன்.

மூன்றாவது படி, கவனம்.

இன்னொன்று. இதை வெளியில் ஒருவருக்கும் சொல்லவேண்டாம். அந்தப் பிள்ளை ஏற்கெனவே ஊரெல்லாம் சொல்லி என்னை நாறடித்துவிட்டாள். இன்றைக்குத்தான் உம்முடைய முகத்தை முதன்முதலாகப் பார்க்கிறேன், பாரும், உமக்குக்கூட எல்லாம் தெரிந்திருக்கிறது.